எதுல போட்டா ஒனக்கு நல்லது?

வணக்கம் ஐயா,
மலேசியாவில், பட்டர்வொர்த்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சனிக்கிழமைதோறும் ரப்பர் தோட்டத்துப் பாட்டு, கதை, பழைய படங்கள் என்று பத்து வாரம் நிகழ்ச்சி நடத்தினோம். நாலு பேர் மூன்றாம் வாரத்தோடு நின்றுவிட்டார்கள். மற்றவர்கள் கடைசி நாள் படிவத்தில் 'மிக நன்று' என்றே குறித்தார்கள். நிதி கொடுத்தவர்களோ உடல்நலத்தில், மனநலத்தில் என்ன மாற்றம் என்று கேட்கிறார்கள். என்ன எழுதுவது?
– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் பாட்டிமார் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படிவத்தில் மாற்றம் தெரியாது. நானும் நிபோங் திபால் பக்கம் இப்படிப் படிவத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். பால்மரம் வெட்டி விரல் மடங்கிப்போன ஒரு பாட்டி, பேனாவை வாங்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதுல போட்டா ஒனக்கு நல்லதுய்யா? அதுலயே போட்டுக்க" என்றார். பசியாறக் கொடுத்துப் பாட்டும் பாடிய பிள்ளைக்கு யார் குறைத்துப் போடுவார்கள்?

அதனால் முதல் நாளே கேட்டு வைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி அளவை ஒன்று இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் மனம் உற்சாகமாக இருந்ததா, காலையில் தெம்போடு எழுந்தீர்களா என்பதுபோலக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. கூட்டி 4ஆல் பெருக்கினால் 100க்கு இத்தனை என்று வரும். தொடங்கும் முன், முடிந்ததும், மூன்று மாதம் கழித்து எனக் கேளுங்கள். நீங்கள் கேட்க வேண்டாம், வெளியாள் ஒருவர் தமிழில் படித்துக் கேட்கட்டும்.

அப்புறம், அதே இல்லத்தில் நிகழ்ச்சிக்கு வராதவர்களிடமும் கேளுங்கள். தீபாவளி நெருங்கினால் எல்லார் முகமும் தெளியும்; அதைப் பாட்டின் கணக்கில் சேர்க்கக் கூடாது. 2019இல் இங்கிலாந்தில் 50 வயது தாண்டிய 6,710 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. சில மாதத்துக்கு ஒருமுறையாவது அருங்காட்சியகம், நாடகம் என்று போனவர்களுக்கு, போகவே போகாதவர்களைவிட இறக்கும் வாய்ப்பு 31 சதவீதம் குறைவாக இருந்தது. வசதியையும் உடல்நிலையையும் கழித்துப் பார்த்த பிறகும், கலைதான் காரணம் என்று ஆய்வாளர்கள் சாதிக்கவில்லை.

எனக்கு உறுத்துவது அந்த நாலு பேர். என் நிகழ்ச்சியில் பிரட்டுக்களத்துப் படத்தை (காலையில் தோட்டத்து ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் இடம்) நான் காட்டிய அன்று ஒரு தாத்தா எழுந்து போனார், பிறகு வரவே இல்லை. வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோதுதான் சொன்னார்: தோட்டத்தை விற்றபோது, தொழிலாளர் வரிசை வீடான லயத்தை விட்டு இறங்கிய நாள் ஞாபகம் வந்துவிட்டதாம். என் அறிக்கையில் அவர் இல்லவே இல்லை. அது என் தவறு.

சரி, நிதி தந்தவர்களுக்கு நேராகவே எழுதுங்கள்: இந்த முறை மாற்றத்தை அளக்கவில்லை, எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்று. அதற்கு முன் அந்த நாலு பேரையும் போய்ப் பாருங்கள். படிவத்தை எடுத்துப் போகாதீர்கள்.