செத்தும் சட்டம் பேசும் ரோம்

கேள்வி: ரோமப் பேரரசு வீழ்ந்து 1500 வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தச் செத்த உலகத்தைப் பற்றி இன்னும் எழுதுகிறீர்களே, யாருக்கு என்ன பயன்?

பதில்: ஒரு வழக்கைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ரோமத் தெருவோரத்தில் ஒரு நாவிதர், ஓர் அடிமைக்கு முகச்சவரம் செய்துகொண்டிருக்கிறார். பக்கத்தில் பந்து விளையாட்டு. ஒருவர் ஓங்கி அடித்த பந்து நாவிதரின் கையில் பட்டு, கத்தி கழுத்தை அறுத்துவிடுகிறது. தப்பு யார் மேல்? பந்தடித்தவர் மேலா, விளையாட்டும் ஜனநடமாட்டமும் உள்ள இடமாகப் பார்த்து நாற்காலி போட்ட நாவிதர் மேலா, அல்லது ஆபத்தான இடம் என்று தெரிந்தும் அங்கே போய்க் கழுத்தை நீட்டியவர் மேலா? உல்பியன் என்ற சட்ட அறிஞர் இதை அலசி எழுதி வைத்திருக்கிறார். இன்று சாலை விபத்து வழக்கில் ‘கவனக்குறைவு யாருடையது, அடிபட்டவருக்கும் அதில் பங்கு உண்டா’ என்று வக்கீல்கள் மல்லுக்கு நிற்கிறார்களே, அதே கேள்விதான்.

மேற்கு ரோமின் கடைசிப் பேரரசர் பதவி இழந்தது 476-ல். இந்த வழக்கு இடம்பெற்ற ‘டைஜெஸ்ட்’ என்ற 50 பகுதிச் சட்டத் தொகுப்பு, கிழக்கு ரோமப் பேரரசர் ஜஸ்டீனியன் ஆணைப்படி அவர் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) வெளிவந்தது 533-ல். நீங்கள் சொல்லும் வீழ்ச்சிக்கு 57 வருஷம் கழித்து! அப்புறம் 11-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியின் பொலோனாவில் அதைப் பாடமாக எடுத்துப் படித்தார்கள். ஐரோப்பியச் சட்டக் கல்வியே அங்கிருந்துதான் கிளைத்தது.

சரி, ரோமைத் தலையில் வைத்துக் கொண்டாடச் சொல்லவில்லை. அந்த வழக்கில் செத்தவன் அடிமை. நஷ்டஈடு போவது அவன் எஜமானனுக்கு. உயிர் போனதைச் சொத்து போனதாகக் கணக்கெழுதிய சட்டம் அது. இதை மறைத்துவிட்டு ரோமின் பெருமை பேசுவது அயோக்கியத்தனம்.

ஆனால் செத்துவிட்டது என்கிறீர்களே, அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். டச்சுக்காரர்கள் இந்த ரோமச் சட்டத்தைத் தங்கள் வழக்கத்தோடு கலந்து, கப்பலேற்றி இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். பின்னால் வந்த ஆங்கிலேயர்கள் 1799-ல் ‘இருக்கிற சட்டம் இருக்கட்டும்’ என்று பிரகடனம் செய்தார்கள். ஹாலந்திலேயே 1809-ல் நெப்போலியனின் சட்டத்தொகுப்பு வந்து அதை ஓரங்கட்டிவிட்டது. இலங்கையிலோ அந்த உரோம-டச்சுச் சட்டம் நிலைத்துவிட்டது. அடுத்தவர் கவனக்குறைவால் நஷ்டப்பட்டவர் தொடுக்கும் வழக்குக்கு அங்கே ‘அக்குயிலியன்’ வழக்கு என்று பெயர். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் ரோமில் இயற்றிய அக்குயிலியா சட்டத்தின் பெயர்தான் அது. நாவிதர் வழக்கை உல்பியன் அலசியதும் அந்தச் சட்டத்துக்கு உரை எழுதியபோதுதான்.