ஹாஸ்டலுக்கு ‘விடுதி’ சரியான சொல்தானா? மேன்ஷன், பி.ஜி., வளவு எல்லாம் எப்படி வேறுபடுகின்றன?

‘விடுதி என்றாலே லாட்ஜ்தான் நினைவுக்கு வருகிறது, மாணவர்கள் தங்கும் இடத்துக்கு வேறு நல்ல தமிழ்ச் சொல் இல்லையா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். விடுதியே நல்ல சொல். அதை மாற்றவே கூடாது என்பது என் கட்சி. அதற்குச் சொந்தக் காரணமும் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

எனக்குப் புதுக்கோட்டை மாவட்டம், கறம்பக்குடிப் பக்கம். எங்கள் வட்டாரத்தில் பல ஊர்களின் பெயரே விடுதி என்றுதான் முடியும். வெட்டன்விடுதி, மருதன்கோன்விடுதி, வாண்டான்விடுதி, ஒடப்பவிடுதி. ஆடு மாடு, வயல், அய்யனார் கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் உள்ள முழு ஊர்கள். ஆறாம் வகுப்பில் சேர்க்க அப்பா என்னை டவுனுக்கு அழைத்துப்போய் ‘அரசு மாணவர் விடுதி’ என்ற போர்டின் முன் நிறுத்தியபோது, இதுவும் ஒரு ஊரின் பெயர் என்றே நினைத்துக்கொண்டேன். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு தட்டு, ஒரு டம்ளர். அங்கே ஏழு வருஷம் இருந்தேன்.

விடுதி, வீடு இரண்டுமே ‘விடு’ என்ற வினையிலிருந்து பிறந்தவை. அறம், பொருள், இன்பம், வீடு என்று சொல்லும்போது அந்த வீட்டுக்கு விடுதலை என்று பொருள். நடையை விட்டு, சுமையை இறக்கிவிட்டு இருக்கும் இடம் என்று நான் புரிந்துகொள்கிறேன். வீட்டுக்கும் விடுதிக்கும் வேர் ஒன்றே என்பது, வீட்டை விட்டு வந்து படிக்கிற பிள்ளைக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்!

இன்னொரு சொல்லையும் சொல்லியாக வேண்டும். ‘பள்ளி’. இன்று அது படிக்கும் இடம். ஆனால் பள்ளியறை, பள்ளியெழுச்சி, பள்ளிகொண்ட பெருமாள் என்று பாருங்கள், எல்லாமே படுக்கையைச் சுற்றி வருகின்றன. மதுரைக்குப் பக்கத்து மாங்குளம் மலைக் குகையில் உள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டில், நெடுஞ்செழியன் காலத்தில் சமண முனிவருக்கு வெட்டிக்கொடுத்த உறைவிடத்தைப் ‘பளிஇய்’ என்றே பொறித்திருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கும் முந்தைய எழுத்து. எங்கள் சித்தன்னவாசல் ஏழடிப்பட்டம் குகையிலும் அப்படி 17 கற்படுக்கைகள் உண்டு, தலைமாட்டில் தலையணை போல மேடு வைத்துச் செதுக்கியவை. விடுதியிலிருந்து எங்களை அங்கே ஒருமுறை கூட்டிப்போனார்கள். முனிவர்கள் தங்கிய இடத்தில் பாடமும் நடந்ததால்தான் தங்குமிடத்தின் பெயர் கல்விக்கூடத்தின் பெயராக நிலைத்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் தமிழில் முதலில் வந்தது ஹாஸ்டல், அதன்பிறகே ஸ்கூல்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டு. கோயிலோடு சேர்ந்து ஒரு கல்விச்சாலை, மாணவர் உண்டு உறங்க ஏற்பாடு, 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை. மாணவர்களுக்குச் சாப்பாடும் விளக்கு எரிக்க எண்ணெயும் மட்டுமல்ல, சனிக்கிழமை தலைக்குத் தேய்த்துக் குளிக்க எண்ணெயும் கணக்குப் போட்டு ஒதுக்கியிருக்கிறார்கள். எண்ணெய்க் குளியலின் அருமை விடுதியில் வளர்ந்தவர்களுக்குத்தான் முழுதாகத் தெரியும். ஆனால் அங்கே இடம் கிடைத்தது வேதம் படித்த பிள்ளைகளுக்கு. என்னைப் போன்றவர்களின் முன்னோர் அந்த வாசலில் ஏறியிருக்க முடியாது. பெருமையோடு இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சத்திரம், சாவடி, மடம் எல்லாம் வழிப்போக்கருக்கானவை. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் போகும் வழியெங்கும் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தாம்பாள் சத்திரம் இன்னும் நிற்கிறது. பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் படிக்க வைக்கும் வழக்கமும் அந்தச் சத்திரங்களில் இருந்தது.

சரி, இன்றைய சொற்களுக்கு வருவோம். சென்னையில் ‘மேன்ஷன்’ என்றால் திருவல்லிக்கேணி. இங்கிலீஷில் மாளிகை என்று பொருள். நம் ஊரில் அது மூன்று நான்கு மாடிக் கட்டடம், வரிசையாகச் சின்ன அறைகள், அறைக்கு இரண்டு மூன்று கட்டில்கள், மாடிக்குப் பொதுவாகக் குளியலறை. தங்குவோர் ஆண்கள் மட்டுமே. சாப்பாடு அங்கே கிடைக்காது, பக்கத்துத் தெரு மெஸ்ஸில் மாத டோக்கன். ஹாஸ்டலுக்கும் மேன்ஷனுக்கும் பெரிய வித்தியாசம் இந்தச் சாப்பாடும், வாசலில் நேரம் கேட்க ஆள் இருப்பதும்தான். நான் வேலை தேடிய இரண்டு வருஷம் மேன்ஷனில் இருந்தேன். ‘டூலெட்’ போர்டு பார்த்து ஏறிய வீடுகளில் முதலில் ‘பேச்சிலருக்கு இல்லைப்பா’ என்பார்கள், அதைத் தாண்டினால் ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்பார்கள். மேன்ஷன் மேனேஜர் இரண்டையும் கேட்கவில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

பி.ஜி., அதாவது பேயிங் கெஸ்ட் என்பதைக் ‘கட்டண விருந்தினர்’ என்று மொழிபெயர்க்கிறார்கள். காசு கொடுத்துத் தங்குபவரை விருந்தினர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பேச்சில் பி.ஜி. என்றே இருக்கட்டும், எழுத்தில் தனியார் விடுதி என்று எழுதுங்கள். பெண் பிள்ளைகளைச் சேர்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்கும் இல்லங்களுக்கும் ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். அதைக் கேட்டுப் பார்க்கத் தயங்காதீர்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசு நடத்துபவை ‘தோழி விடுதிகள்’. எவ்வளவு நல்ல பெயர்!

வளவு இடத்துக்கு இடம் மாறும். நெல்லைப் பக்கம் பல குடித்தனங்கள் சேர்ந்திருக்கும் வளாகம், செட்டிநாட்டில் வீட்டின் நடுவே முற்றத்தைச் சுற்றிய பகுதி, யாழ்ப்பாணத்தில் வீட்டைச் சுற்றியுள்ள காணி. திருப்பூரில் தொழிலாளர்கள் இருப்பது லைன் வீடு. இலங்கை மலையகத் தோட்டங்களில் அதே லைன்தான் லயமாகிவிட்டது. ஒரே வீட்டில் குழாயையும் கக்கூஸையும் பல குடும்பங்கள் பங்கு போட்டுக்கொண்டால் ஒண்டுக்குடித்தனம். மதுரையில் மொத்தப் பணம் கொடுத்து மாத வாடகை இல்லாமல் இருந்தால் ஒத்தி.

இப்போது சொந்தக் காரணம். நான் இருந்தது ஆதிதிராவிடர் நல விடுதி. காப்பாளர் நல்ல மனிதர், சமையல்கார அக்கா இன்னும் நல்லவர். ஆனால் பள்ளியில் யாரும் என்னிடம் ‘என்ன சாதி?’ என்று கேட்டதில்லை. ‘எந்த ஆஸ்டல்?’ என்றுதான் கேட்பார்கள். அது போதும் அவர்களுக்கு. எட்டாம் வகுப்புக்குப் பிறகு நான் விடுதியின் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டேன். தெருப் பெயரைச் சொல்லி, அங்கே சித்தப்பா வீட்டில் தங்கியிருக்கிறேன் என்பேன். எனக்கு அந்த ஊரில் சித்தப்பா கிடையாது.

2025 ஜூலையில், ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் என்று துறைவாரியாகப் பெயர் தாங்கிய அரசு மாணவர் விடுதிகள் எல்லாவற்றுக்கும் இனி ‘சமூகநீதி விடுதி’ என்றே பெயர் என முதலமைச்சர் அறிவித்தார். பெயர் மாறினால் கழிவறைக் கதவு தானாகச் சரியாகிவிடாது, அதற்குத் தனியாகப் போராட வேண்டும். ஆனால் ‘எந்த ஆஸ்டல்?’ என்ற கேள்விக்கு இனி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பதில். மாற்ற வேண்டிய சொல் மாறிவிட்டது. விடுதி என்ற சொல்லில் ஒரு குற்றமும் இல்லை, அது அப்படியே மிஞ்சியிருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் ஊருக்குப் போகும் வழியில் பேருந்து நிலையத்தில் சீருடையோடு நின்ற ஒரு பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். ‘எங்க தங்கிப் படிக்கிற தம்பி?’ என்றேன்.

‘விடுதியில அண்ணே’ என்றான், சத்தமாகவே.