வீடியோ பார்த்து டிசைன் கற்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

ஆறு மாதமாக யூடியூபில் இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளின் பாடங்கள் பார்க்கிறேன். வீடியோவோடு சேர்ந்து செய்தால் அச்சு அசலாக வருகிறது. வெற்றுப் பக்கத்தைத் திறந்தால் கை நகர மறுக்கிறது. ஏன்?
– கல்லூரி மாணவி, பெரம்பூர்

எதை எங்கே வைப்பது, எவ்வளவு பெரிதாக்குவது, எந்த நிறம் என்ற முடிவுகளை எல்லாம் வீடியோக்காரர் எடுத்துவிட்டார். உங்கள் கைக்கு மிஞ்சியது க்ளிக் மட்டும்தான். முடிவெடுக்கும் வேலையை நீங்கள் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

பதினைந்து நிமிடப் பாடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதல்முறை மவுஸைத் தொடாமல் பாருங்கள். படிகளை ஐந்தாறு வரியில் தாளில் எழுதுங்கள். வீடியோவை மூடிவிட்டுத் தாளை வைத்துச் செய்யுங்கள். தடுக்கிய இடத்தை மட்டும் திறந்து பாருங்கள். இரண்டு நாள் கழித்து அதே பாடத்தை வேறு சரக்கோடு செய்யுங்கள். வீடியோவில் காபி ஷாப் போஸ்டர் என்றால், நீங்கள் தெருமுனை இட்லி மாவுக் கடைக்கு, தமிழில் செய்யுங்கள். கடைப்பெயர் நீளும், விலை சேரும், இரண்டு போன் நம்பர் வரும், வீடியோவில் பார்த்த அமைப்பு உடையும். அதைச் சரிசெய்யும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் டிசைன் கற்கிறீர்கள்.

இன்னொரு பயிற்சி. செய்தித்தாளில் வந்த கால்பக்க விளம்பரம் ஒன்றை வெட்டி, ஓர விளிம்பு, தலைப்பு உயரம், வரிகளுக்கு இடையிலான வெளி எல்லாவற்றையும் மில்லிமீட்டர் ஸ்கேலால் அளந்து, அதே அளவில் கணினியில் கட்டுங்கள். நல்ல விளம்பரம் எவ்வளவு குறைவான எழுத்தளவுகளில் வேலையை முடிக்கிறது என்பது அளந்தால்தான் தெரியும்.

புள்ளி வைத்துக் கோடும் வளைவும் வரையும் பென் டூல் பழகத் தமிழ் எழுத்தைவிட நல்ல வாத்தியார் இல்லை. ட, ப இரண்டும் நேர்கோடுகள், அதில் தொடங்குங்கள். அடுத்து ய, ம. கடைசியில் அ, ழ, ஞ. வளைவின் உச்சி, அடி, இடக்கோடி, வலக்கோடி ஆகிய இடங்களில் மட்டும் புள்ளி வையுங்கள். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு இழுத்தால், புள்ளியிலிருந்து நீண்டு வளைவைத் திருப்பும் கைப்பிடி நேராக நிற்கும். கோடு நெளிந்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: புள்ளிகள் அதிகம்.

எந்த மென்பொருளில் தொடங்குவது? லேப்டாப் பழையது, பணமும் கட்ட முடியாது.
– வாசகர், அம்பத்தூர்

கோடு வரைய, லோகோ செய்ய இங்க்ஸ்கேப். படத்துக்கு கிம்ப், அல்லது பிரவுசரிலேயே ஓடும் ஃபோட்டோபியா. அச்சுக்குப் பக்கம் கட்ட ஸ்க்ரிபஸ். நான்கையும் காசில்லாமல் பயன்படுத்தலாம். இங்க்ஸ்கேப்பில் பழகிய வளைவு இல்லஸ்ட்ரேட்டரிலும் கோரல் டிராவிலும் அப்படியே உதவும். வேலைக்குப் போகும்போது இடம் பார்த்து மாறிக்கொள்ளலாம்: திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைப் பக்கத்து அச்சகம் என்றால் கோரல் டிரா கேட்பார்கள், விளம்பர நிறுவனம் என்றால் ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், செயலித் திரைகளுக்கு ஃபிக்மா. கேன்வா அவசரப் பதிவுக்கு நல்லது, ஆனால் அதன் டெம்ப்ளேட்டிலேயே தங்கிவிட்டால் மேலே சொன்ன முடிவெடுக்கும் பழக்கம் வராது. க்ராக் செய்த மென்பொருள் மட்டும் வேண்டவே வேண்டாம். வைரஸ் வந்தால் ஆறு மாத வேலையும் சேர்ந்து போகும்.

ஃபோட்டோஷாப்பில் தமிழ் தட்டினால் கொம்பும் காலும் பிரிந்து, நடுவில் புள்ளி வட்டம் வருகிறது. அச்சகத்தில் கொடுத்த கோப்பைத் திறந்தால் தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகள்தான். ஆங்கிலப் பாடங்களில் இதற்குப் பதில் கிடைக்கவில்லை.
– வாசகி, மந்தைவெளி

இரண்டும் வெவ்வேறு கோளாறு. முதலாவது: 'கெ' என்பதைக் கணினி முதலில் க, பிறகு கொம்பு என்று சேமிக்கிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் பொறுப்பு. அந்த வசதி அணைந்திருந்தால் எழுத்து உடையும். ஃபோட்டோஷாப்பின் முந்தைய பதிப்புகளில் எடிட், பிரிஃபரன்சஸ், டைப் சென்று 'வேர்ல்டு ரெடி லேஅவுட்'டைத் தேர்ந்தெடுங்கள். இன்னும் பழைய பதிப்புகளில் அதன் பெயர் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்'. மூடித் திறந்து, புதிய கோப்பில் தட்டிப் பாருங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் அதே இடத்தில் 'ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்' டிக் செய்து, பாராகிராஃப் பேனல் மெனுவில் வேர்ல்டு ரெடி கம்போசரை வையுங்கள். பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனிலும் பாராகிராஃப் பேனலில்தான்.

இரண்டாவது, பழைய குறியாக்க எழுத்துரு, அதாவது ஆங்கில விசைக் குறிகளுக்குத் தமிழ் வடிவம் மாட்டியது. அப்படிப்பட்ட பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசைக் குறிகளாகவே கோப்பில் இருக்கும். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டால் அவைதான் தெரியும். மாற்றிக் கருவி கொண்டு, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறிமுறைக்கு மாற்றி, ஒருமுறை வரிவரியாகப் படித்துத் திருத்துங்கள். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடையும், டேஸ் 16 என்ற இன்னொரு தமிழ்க் குறிமுறையையும் தரமாக ஏற்றுவிட்டது. புதிதாகக் கற்பவர் தமிழ் 99 விசைப்பலகையும் யூனிகோடுமாகத் தொடங்குவதே நல்லது. கூகுள் ஃபாண்ட்ஸில் முக்த மலர், ஹிந்த் மதுரை, பாலூ தம்பி, அனெக் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் எல்லாம் இலவசம். வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம்.

வீடியோவில் சொல்லும் ஆங்கில அளவுகளைத் தமிழுக்கு அப்படியே வைக்காதீர்கள். 'லீ', 'ணூ' போன்றவை மேலும் கீழும் இடம் கேட்பவை. 10 பாயின்ட் எழுத்துக்கு 12 பாயின்ட் வரி இடைவெளி ஆங்கிலத்துக்குப் போதும். தமிழுக்கு 14, 15 வேண்டும். எழுத்துகளுக்கு இடையே வெளி கூட்டினால் துணைக்கால் தன் எழுத்தை விட்டு விலகி நிற்கும். போல்டு இல்லாத எழுத்துருவைச் செயற்கையாகத் தடிக்க வைத்தால் ஞ, ண, ஜ மூன்றின் உள்வெளியும் அடைத்துவிடும்.

வீடியோ மட்டும் போதுமா, கல்லூரி வேண்டுமா?
– வாசகர், குரோம்பேட்டை

கருவிக்கு வீடியோ போதும். உங்கள் வேலையைப் பார்த்து "இந்தத் தலைப்பு ஏன் இங்கே?" என்று கேட்க ஆள் வேண்டும். எழும்பூரில் 1850-இல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. சேர முடியாதவர்கள் வாரம் ஒரு வேலையை மூன்று பேரிடம் காட்டுங்கள், அதில் ஒருவர் அச்சகக்காரராக இருக்கட்டும். பழைய தமிழ் நூல் அட்டைகளின் எழுத்துகளைப் பார்க்கத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் நல்ல இடம்.

விசிட்டிங் கார்டு செய்து கொடுத்தேன். நீலம் ஊதாவாகிவிட்டது, ஓரத்தில் வெள்ளைக் கீற்று, சிறிய எழுத்து மங்கல்.
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

திரை ஒளியில் நிறம் காட்டுகிறது. அச்சு சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மையில். நீலத்தில் மெஜந்தாவைச் சயானைவிட 30 சதவீதமாவது குறைவாக வையுங்கள், ஊதா ஏறாது. வெட்டும் கத்தி அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே வெள்ளை தெரியும். அதனால் 90×54 மி.மீ. கார்டுக்குப் பின்னணியைச் சுற்றிலும் 3 மி.மீ. நீட்டி 96×60 ஆக்குங்கள். அது படமானால் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 1134×709 பிக்சல். எழுத்து வெட்டுக்கோட்டிலிருந்து 4 மி.மீ. உள்ளே இருக்கட்டும். மங்கலுக்குக் காரணம், திரையின் கறுப்பு நான்கு மையாகப் பிரிந்து, ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழாதது. சிறிய எழுத்துக்குக் கறுப்பு மட்டும் 100, மற்ற மூன்றும் பூஜ்யம். இங்க்ஸ்கேப் திரைக்கான சிவப்பு, பச்சை, நீல (ஆர்ஜிபி) கணக்கில் வேலை செய்வதால் இந்த மைப் பிரிப்பை ஸ்க்ரிபஸில் வைத்து பிடிஎஃப் எடுங்கள்.

கோப்பைக் கொடுக்கும்முன் ஒரு நகல் எடுத்து, எழுத்துரு இல்லாத கணினியிலும் தமிழ் மாறாமலிருக்க, நகலில் எழுத்தை எல்லாம் வளைவாக மாற்றுங்கள்: இங்க்ஸ்கேப்பில் கன்ட்ரோல் ஷிஃப்ட் சி, கோரலில் கன்ட்ரோல் கியூ. மாற்றியபின் எழுத்துப் பிழையைத் திருத்த முடியாது, எனவே அசல் பத்திரமாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். ஒரு ப்ரூஃப் (சோதனை அச்சு) கேட்டு வாங்கி, கார்டில் அச்சான நம்பரை அதைப் பார்த்தே உங்கள் போனில் அடித்து, மணி வாடிக்கையாளரிடம் அடிக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஆயிரம் பிரதி போடச் சொல்லுங்கள்.