கோபம் யார் மேல்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ஃபிரேசல் வெர்ப் பட்டியலை இரண்டு மாதமாக மனப்பாடம் செய்கிறாள். லுக் ஆஃப்டர், லுக் ஃபார், லுக் இன்ட்டூ எல்லாம் குழம்புகின்றன. என்ன செய்யலாம், சார்?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: முதலில் அந்தப் பட்டியலை மூடி வைக்கச் சொல்லுங்கள், அம்மா. ‘லுக்’ வகையறாவை எல்லாம் ஒரே மூச்சில் படித்தால் யாருக்குத்தான் குழம்பாது? ஃபிரேசல் வெர்ப் என்பது வினைச்சொல்லோடு ஆஃப்டர், ஃபார் மாதிரி ஒரு சின்னச் சொல் ஒட்டி, பொருளே மாறிவிடுவது. 1755இல் வந்த தன் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன், அயல்நாட்டாருக்குப் பெரிய சிரமம் இந்த ஒட்டுச் சொற்களில்தான் என்று எழுதிவிட்டார். ஆகவே பிள்ளையைத் திட்டாதீர்கள்.

தமிழிலும் இந்தக் கூத்து உண்டே. ‘காட்டு’ தெரியும், ‘கொடு’ தெரியும். ‘கூட இருந்தவனே காட்டிக்கொடுத்துட்டான்’ என்றால்? கையில் எதையும் கொடுக்கவில்லை. ஆங்கிலத்தில் கிவ் அவே என்பதற்கு அந்தப் பொருளும் உண்டு. விட்டுக்கொடுப்பது கிவ் இன். கைவிடுவது கிவ் அப். மகளுக்கு இப்படி வீட்டுக்குள்ளிருந்தே சொல்லிக்கொடுங்கள். பாட்டி மூக்குக்கண்ணாடியைத் தேடினால் லுக் ஃபார். நீங்கள் வெளியே போகும்போது தம்பியைப் பார்த்துக்கொண்டால் லுக் ஆஃப்டர். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மனு கொடுத்தால், ‘விசாரிக்கிறோம்’ என்பார்களே, அது லுக் இன்ட்டூ. விசாரிப்பார்களா என்பது வேறு பாடம்.

கேள்வி: ‘ஸ்விட்ச் ஆஃப் இட்’ என்பது தவறா?
– வாசகர், மேலூர்

பதில்: தவறுதான். ‘ஸ்விட்ச் ஆஃப் தி ஃபேன்’, ‘ஸ்விட்ச் தி ஃபேன் ஆஃப்’ இரண்டும் சரி. ஃபேனுக்குப் பதில் ‘இட்’ வந்தால் அது நடுவில்தான் உட்காரும்: ‘ஸ்விட்ச் இட் ஆஃப்’. ஆனால் லுக் ஆஃப்டரை இப்படிப் பிரிக்க முடியாது.

கேள்வி: மேனேஜரிடம் ‘ஆர் யூ ஆங்க்ரி ஆன் மீ?’ என்று கேட்டேன். பக்கத்து சீட்டில் சிரித்துவிட்டார்கள். என்ன தப்பு?
– வாசகர், திருமங்கலம்

பதில்: உங்கள் வாயில் தமிழ் பேசியிருக்கிறது, வேறொன்றுமில்லை. நமக்குக் கோபம் ஒருவர் ‘மேல்’ வரும். அந்த ‘மேல்’தான் ‘ஆன்’ ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் ஆங்க்ரி வித். நாம் கணக்கில் கெட்டி என்போம், குட் இன் என்று வந்துவிடும். அங்கே குட் அட். நமக்கு அவரோடு கல்யாணம். அங்கே மேரீட் டு. ‘நாய்க்குப் பயப்படுகிறேன்’ என்று சொல்லும்போது ‘கு’வைத் தனியாகவா யோசிக்கிறோம்? அதே மாதிரி ‘ஆங்க்ரி’யைத் தனியாக எழுதாதீர்கள், ‘வித்’தோடு ஒரே சொல்லாக நோட்டில் எழுதுங்கள்.

நானும் மாட்டியவன்தான். ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட்டத்தில் எழுந்து, “லெட் அஸ் டிஸ்கஸ் அபவுட் தி டைம் டேபிள்” என்றேன். தலைமையாசிரியர் ஒன்றும் பேசவில்லை. மேஜையிலிருந்த சிவப்பு மைப் பேனாவின் மூடியைக் கழற்றி, காற்றில் ஒரு கோடு அடித்துவிட்டு, மூடியைத் திரும்பப் போட்டார். அடிபட்டது ‘அபவுட்’ என்று புரிய எனக்குச் சாயங்காலம் ஆயிற்று. டிஸ்கஸுக்குப் பின்னால் ‘பற்றி’ வேண்டாம்; அது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

கேள்வி: பஸ்ஸில் ஏறுவது கெட் இன்னா, கெட் ஆனா?
– வாசகி, அரசரடி

பதில்: மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் ஒரு கால் மணி நேரம் நின்று பாருங்கள். ஏறிய பிறகு உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டி என்றால் ஆன்: பஸ், ரயில், விமானம். குனிந்து நுழைந்து உட்கார வேண்டியது என்றால் இன்: கார், ஆட்டோ. சைக்கிளும் பைக்கும் மேலே ஏறி உட்காருவதால் ஆன். அப்புறம், ஷேர் ஆட்டோவில் பாதி உடம்பு வெளியே தொங்கினாலும் இன்தான்.