தம்பி விழுந்தான், அக்காவின் வளையல் அடகுக்குப் போனது

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): ஐயா, நான் கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. கடன் கழிப்பதற்கு முன் முழுச் சம்பளம் 62,000. தம்பிக்கு 26 வயது. தியலும நீர்வீழ்ச்சியின் மேல் குளங்களுக்கு வெள்ளைக்காரர்களைக் கூட்டிப்போவான். பாறை விளிம்பில் நின்று வீடியோ எடுத்துப் போடுவான். பெப்ரவரியில் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. பொலிஸ் கேஸ், தண்டம் என்று பயந்து கூட்டாளிகள் இரண்டு மணிநேரம் யாருக்கும் சொல்லவில்லை. பிறகு எங்கள் தோட்டத்துப் பொடியன்கள் 14 பேர் வேலையை விட்டுப் போய், கம்பளியில் கட்டித் தூக்கிவந்தார்கள். அம்புலன்ஸ் வந்தது. அம்மா அழுததால் கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என் வளையல்களை வைத்து 4,50,000 எடுத்தேன். இதற்கு முதல் பெரகல வளைவில் மோட்டார் சைக்கிளை ஒரு ஆட்டோவில் மோதியபோது நான் எடுத்த கடனுக்கு இன்னும் மாதம் 14,000 கழிகிறது. இப்போது ட்ரோன் வாங்க 3,50,000 கடனுக்கு என்னைப் பிணை நிற்கக் கேட்கிறான். 'இப்படிச் சாகப் போகிறவர்களை மீட்கிற செலவை அவர்கள் குடும்பம்தான் கட்ட வேண்டும், வெளிநாட்டில் அப்படித்தான்' என்று டவுனில் பேசுகிறார்கள். நாங்கள் யாருக்கு என்ன கட்ட வேண்டும்? காப்புறுதி முகவர் ஒருவரும் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறார்.

பதில்: டீச்சர், பிணைக் கையெழுத்துப் போடாதீர்கள். மிச்சத்தை ஆறுதலாகப் பேசலாம், இதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். அரசாங்கச் சம்பளக்காரரின் கையெழுத்து என்றால் நிதிக் கம்பனிக்காரர்களுக்கு வாயூறும். தம்பி இரண்டு தவணை விட்டால் கடிதம் உங்கள் அதிபரின் மேசைக்கு வரும்.

சரி, டவுன் பேச்சுக்கு வருவோம். வெளிநாட்டில் அப்படித்தான் என்பது பாதி உண்மை. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், அசட்டையாக மலையேறி மாட்டிக்கொண்டவரிடம் மீட்புச் செலவை அறவிட முடியும். ஆனால் 25 டொலருக்கு ஒரு அட்டை விற்கிறார்கள். அதை முதலே வாங்கியவரிடம் சாதாரண அசட்டைக்குக் காசு கேட்பதில்லை. சுவிட்சர்லாந்தில் ரேகா என்ற ஹெலிகொப்டர் மீட்பு அமைப்புக்கு ஆண்டுக்கு 40 பிராங்க் சந்தா கட்டி வைக்கிறார்கள். பிரான்சில் மலை மீட்புக்குக் காசே இல்லை. இந்த அட்டையும் சந்தாவும் வாங்கப்படுவது ஆள் இரண்டு காலில் நிற்கும்போது என்பதைக் கவனியுங்கள்.

நம் ஊரிலும் ஆள் கீழே கிடக்கும்போது யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. 2015இல் ஹோர்ட்டன் சமவெளியில் 'உலக முடிவு' என்கிற பாறை விளிம்பில், புது மனைவியைப் படமெடுக்கப் பின்னால் நகர்ந்த நெதர்லாந்துக்காரர் ஒருவர் விழுந்து, கிட்டத்தட்ட 40 மீற்றர் கீழே ஒரு மரத்தில் சிக்கினார். இராணுவத்தினர் கயிற்றில் இறங்கி மேலே கொண்டுவந்தார்கள். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வருகிற சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். பதுளைப் பெரியாஸ்பத்திரியில் எலும்பு வைப்பதும் இலவசம். இது இப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. உங்கள் தம்பியின் கூட்டாளிகள் தண்டத்துக்குப் பயந்தே இரண்டு மணிநேரம் ஒளிந்திருந்தார்கள். மீட்புக்கு விலைப்பட்டியல் வைத்தால் அந்த இரண்டு நாலாகும். இன்னொன்றும் உண்டு. 2014 ஒக்டோபர் 29இல் உங்கள் பக்கத்து மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) புதைந்தது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மலையடியில் படுத்துறங்கியவர்களிடமும் ஒருநாள் எவனாவது 'ஏன் அங்கே இருந்தீர்கள்' என்று பில்லை நீட்டுவான். அந்த வழியைத் திறந்துவிடக் கூடாது.

ஆகவே அரசாங்கத்துக்கு நீங்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒரு கடன் இருக்கிறது, உங்கள் கடிதத்தில் அது ஒரே வரியில் போய்விட்டது. அந்த 14 பேர். அன்றைக்கு அவர்களுக்குப் பேர் விழவில்லை, அதாவது நாட்சம்பளம் இல்லை. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைத்து 1,350 என்றே வைத்தாலும் 14 பேருக்கு 18,900 ரூபாய். மீட்புச் செலவை யார் கட்டுவது என்று டவுனில் டீக்கடைக்கு டீக்கடை வாதம் நடக்கிறது. கட்டியவர்கள் ஏற்கனவே கட்டிவிட்டு மறுநாள் காலை பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு) போய்விட்டார்கள். இந்த 18,900ஐத் தம்பி கொடுக்க வேண்டும். நீங்கள் கவரில் போட்டு அனுப்பக் கூடாது. அவனே ஊன்றுகோலோடு லயம் லயமாகப் போய்க் கொடுக்கட்டும். பாதிப்பேர் வாங்க மாட்டார்கள், அது வேறு விஷயம். கொடுக்கப் போக வேண்டும்.

இப்போது உங்கள் கணக்கு. அடகு வட்டி மாதம் ஒன்றரை வீதம் என்று எழுதியிருக்கிறீர்கள்: 4,50,000க்கு 6,750. எட்டு மாதத்தில் 54,000 போயிற்று, அசலில் ஒரு சதம் குறையவில்லை. பழைய கடன் 14,000. இரண்டும் 20,750. அதாவது மாதத்தின் முதல் பத்து நாளும் நீங்கள் பாடம் நடத்துவது பெரகல வளைவுக்கும் தியலுமப் பாறைக்கும்.

டீச்சர், கோபிக்காதீர்கள். பிரச்சினை தம்பி மலையேறுவதில் இல்லை. அவன் விழுகிற ஒவ்வொரு முறையும் காகிதத்தில் உங்கள் பெயர் ஏறுகிறது. மோட்டார் சைக்கிள் அவனுடையது, கடன் உங்களுடையது. கால் அவனுடையது, அடகுச் சீட்டு உங்களுடையது. ஒரு காப்புறுதிக் கம்பனி கூட இப்படிச் செய்யாது. அது விழுவதற்கு முதல் காசு வாங்கும், இரண்டாம் முறை விழுந்தால் கட்டணத்தைக் கூட்டும். நீங்கள் இரண்டையும் செய்யவில்லை. மூன்றாம் முறை அவன் பறக்கவிட ஒரு ட்ரோனும் கேட்கிறான். (நானும் மச்சான் ஒருவனுக்காக வேன் லீசிங் கட்டியவன். வேனில் நான் ஏறியது இரண்டே தடவை.)

செய்ய வேண்டியது இது. இன்னும் ஆறு மாதத்துக்கு ஓட்டக் கூடாது என்று டொக்டர் சொன்ன மோட்டார் சைக்கிள் லயத்துக் கோடியில் தார்ப்பாயின் கீழ் நிற்கிறது என்கிறீர்கள். விற்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னபடி 3,00,000 வந்தால் அப்படியே அடகில் கட்டுங்கள். அசல் 1,50,000 ஆகும், வட்டி 2,250க்கு இறங்கும். பிறகு தம்பி மாதம் 10,000 கொடுத்தால் ஏறக்குறைய 17, 18 மாதத்தில் வளையல் கைக்கு வரும். நல்ல மாதத்தில் 40,000 உழைக்கிறவனுக்கு இது முடியாத தொகை இல்லை. விற்க மாட்டேன் என்றால் மாதம் 15,000 கொடுக்கட்டும். 40 மாதம் இழுக்கும். இரண்டில் எது என்று அவனே தெரிவு செய்யட்டும். ஒரு கொப்பியில் எழுதி, அம்மாவுக்கு முன்னால் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் கையெழுத்து அதில் வேண்டாம்.

அம்மா வேலையை நிறுத்தினால் சேமலாப நிதியை எடுக்கலாம் என்று தம்பி கணக்குப் போடுவதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். பெண்கள் 50 வயதில் ஓய்வு பெற்று எடுக்கலாம், சட்டம் இடம் கொடுக்கிறது. நான் கொடுக்க மாட்டேன். அம்மா மழையில் கொழுந்து பறித்த சம்பளத்தில் மாதாமாதம் கழித்த காசு அது. அதில் ட்ரோன் பறக்கக் கூடாது.

அப்புறம் அந்த முகவர். மாதம் 12,000 கட்டினால் ஆயுள் காப்புறுதி, முதலீடு, சாகசப் பாதுகாப்பு எல்லாம் ஒரே பொதியில் என்கிறார். கொத்து ரொட்டி மாதிரி எல்லாம் கலந்து வந்தால் எதில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. பாறையேற்றம், உயரத்திலிருந்து தண்ணீரில் குதித்தல் போன்றவற்றைப் பல விபத்துக் காப்புறுதிகள் விலக்கி வைத்திருக்கும். 'தியலுமவில் வழிகாட்டும்போது விழுந்தால் காசு வருமா, வராதா' என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். வெறும் தனிநபர் விபத்துக் காப்புறுதி, அவன் தொழிலை மறைக்காமல் எழுதி, அவன் பெயரில், அவன் காசில் எடுத்தால் போதும். வெள்ளைக்காரரிடம் வாங்குகிற கூலியில் அந்தக் கட்டணத்தையும் சேர்த்துக் கேட்கட்டும். ஆபத்தை விற்கிறவன் அதற்கு விலை போடப் பழக வேண்டும்.

அடகுச் சீட்டை மாணவர் வரவுப் பதிவேட்டுக்குள் மடித்து வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். எடுத்து, மீட்கக் கடைசித் திகதி என்ன என்று பாருங்கள். பெப்ரவரியில் வைத்தது என்றால் தவணை நெருங்குகிறது. மோட்டார் சைக்கிளுக்கு ஆள் பார்ப்பதை இந்த வாரமே தொடங்குங்கள்.