'எஸ்' எங்கே சேரும், 'வில்' எங்கே சேராது? சிம்பிள் பிரசென்ட் கேள்வி-பதில்

கேள்வி: 'டஸ் ஹி கோஸ்?' சரியா, 'டஸ் ஹி கோ?' சரியா?

'டஸ் ஹி கோ?'தான். 'ஹி கோஸ்' என்பதில் 'ஹி'க்காக 'கோ'வில் இருக்க வேண்டிய எஸ், கேள்வியில் 'டஸ்'ஸுக்குப் போய்விட்டது. ஒரே வினைக்கு இரண்டு எஸ் கிடையாது. 'ஹி டஸின்ட் கோ' என்பதும் இதே கணக்குதான். டூ, டஸ் வந்தால் வெர்ப் மொட்டையாக நிற்கும். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: எதற்கு வெறும் எஸ், எதற்கு இ-எஸ்?

எஸ், எஸ்-ஹெச், சி-ஹெச், எக்ஸ், இசட், ஓ ஆகியவற்றில் முடிந்தால் இ-எஸ். ஒய்-யில் முடிந்தால் அதற்கு முந்தைய எழுத்தைப் பாருங்கள். 'பிளே'யில் ஒய்-க்கு முன் உயிரெழுத்து, எஸ் மட்டும் போதும். 'ஸ்டடி'யில் மெய்யெழுத்து, ஒய் போய் ஐ-இ-எஸ் வரும். 'ஹேவ்' மட்டும் 'ஹேஸ்' ஆகும். உச்சரிப்பையும் கவனியுங்கள்: 'சே' என்பது 'சேஸ்' ஆகாது, 'செஸ்' என்று குறுகும்.

கேள்வி: டென்ஸ் முழுவதையும் விளக்கவும். அவசரம்.

அதற்கு ஒரு புத்தகம் வேண்டும். எந்த வாக்கியத்தில் இடறியது என்று அந்த வாக்கியத்தை முழுதாக எழுதி அனுப்புங்கள். வாக்கியம் இல்லாத கேள்விக்கு உருப்படியான பதில் கிடைக்காது.

கேள்வி: இன்டர்வியூவில் 'ஐ வில் கெட் அப் அட் சிக்ஸ் டெய்லி' என்றேன். திருத்தினார்கள். 'தினமும் ஆறு மணிக்கு எழுந்திருப்பேன்' என்பதற்கு அதுதானே ஆங்கிலம்?

அல்ல. திரும்பத் திரும்ப வரும் பிழை இது, குற்றம் உங்களுடையது மட்டுமல்ல. தமிழில் வழக்கத்தைச் சொல்ல எதிர்கால வடிவத்தையே எடுக்கிறோம்: எழுந்திருப்பேன், காபி குடிப்பேன், பஸ்ஸில் போவேன். ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்வது சிம்பிள் பிரசென்ட்: 'ஐ கெட் அப்', 'ஐ டிரிங்க் காபி', 'ஐ கோ பை பஸ்'. நீங்கள் 'வில்' போட்டால், கேட்பவருக்கு இனிமேல்தான் ஆறு மணிக்கு எழப்போகிறீர்கள் என்று படும்.

இன்னொரு பள்ளம் 'கிறேன்'. பல வகுப்புகளில் 'கிறேன் என்றால் ஐ ஆம், கூடவே ஐ-என்-ஜி' என்று போர்டில் எழுதிப்போட்டு, பிள்ளைகள் கையில் சார்ட்டும் கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியால் ஆயிரக்கணக்கான பேர் காலமெல்லாம் 'டெய்லி ஐ ஆம் கோயிங்' என்று பேசுகிறார்கள். தயவுசெய்து அப்படிக் கற்பிக்காதீர்கள். 'ஃபேன் சுற்றுகிறது' என்றால் 'இஸ் ரொட்டேட்டிங்'. இப்போது கண்முன் நடக்கிறது. 'பூமி சூரியனைச் சுற்றுகிறது' என்றால் 'கோஸ் ரவுண்ட்'. அது எப்போதும் உள்ள உண்மை. தமிழில் இரண்டுக்கும் ஒரே விகுதி. ஆகவே விகுதியைப் பார்த்து டென்ஸைத் தேர்ந்தெடுக்காதீர்கள், பொருளைப் பாருங்கள். இந்த நேரத்தில் நடக்கிறதா, வழக்கமா, மாறாத உண்மையா? பின்னிரண்டும் சிம்பிள் பிரசென்ட். 'தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும்' என்பதற்கு 'வாட்டர் பாயில்ஸ்' போதும்.

'ஐ ஆம் வொர்க்கிங் இன் எ பேங்க்' தவறா என்று அடுத்த கடிதம் வரும். தவறில்லை; ஆனால் அது இப்போதைக்கு, தற்காலிகமாக என்ற தொனி தரும். நிரந்தர வேலையென்றால் 'ஐ வொர்க்'.

கேள்வி: 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' எல்லோரும் சொல்கிறார்களே?

சொல்கிறார்கள், இருந்தும் பிழைதான். 'ஐ ஹேவ்' என்றே எழுதுங்கள். நோ (தெரிந்திருப்பது), ஓன் (சொந்தமாக வைத்திருப்பது), பிலாங், பிலீவ், வான்ட் எல்லாம் செயல் அல்ல, நிலை. பொதுவாக ஐ-என்-ஜி ஏற்காது. 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரி, ஏனென்றால் அங்கே 'ஹேவ்' சாப்பிடுவதைக் குறிக்கிறது.

கேள்வி: நாளைய ரயிலுக்கு 'தி டிரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாரோ' என்று எழுதலாமா?

தாராளமாக. டைம்டேபிளில் ஏறிய ரயில், தேர்வு, சினிமாக் காட்சி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நாளைய மழைக்கு மட்டும் பொருந்தாது. மழைக்கு டைம்டேபிள் இல்லை. ஆனால் 'இஃப்' வந்தால் நாளைய மழைக்கும் 'இஃப் இட் ரெயின்ஸ்'தான். 'இஃப் இட் வில் ரெயின்' என்று எழுதினால் மார்க் போகும்.

கேள்வி: 'ஐ வொர்க் ஹியர் சின்ஸ் 2015'?

கூடாது. 'ஐ ஹேவ் வொர்க்ட்'.

கேள்வி: 'ஒன் ஆஃப் மை ஃபிரண்ட்ஸ்' என்றால் 'லிவ்'வா, 'லிவ்ஸ்'ஸா?

'லிவ்ஸ்'. சப்ஜெக்ட் 'ஒன்', 'ஃபிரண்ட்ஸ்' அல்ல.

கேள்வி: 'ஆர் யூ நோ?', 'ஷி கேன் சிங்ஸ்': இவற்றில் என்ன தப்பு?

முதலாவது 'டூ யூ நோ?'. ஆம், இஸ், ஆர் மொட்டை வெர்போடு சேராது. 'ஐ ஆம் அக்ரீ'யும் அதனால்தான் பிழை. இரண்டாவது 'ஷி கேன் சிங்'. டூ, டஸ் போலவே கேன், மே, மஸ்ட் வந்தாலும் வெர்ப் மொட்டைதான். மேலே சொன்னதைத்தான் மறுபடி சொல்கிறேன்.

கேள்வி: நேற்று திறந்த பாலத்துக்கு ஆங்கிலப் பேப்பரில் 'மினிஸ்டர் ஓபன்ஸ் பிரிட்ஜ்' என்று தலைப்பு. 'ஓபன்ட்' அல்லவா வர வேண்டும்?

தலைப்புக்கு மட்டும் உள்ள வழக்கம் அது. கீழே செய்தியைப் படியுங்கள், 'ஓபன்ட்' என்றே இருக்கும். நீங்கள் கடிதத்திலும் தேர்விலும் எழுத வேண்டியது அந்தக் கீழ்வரியைப் போல.