மாத்திரைக்கு விரதம் தெரியாது

கேள்வி: எனக்கு வயது 61, எடை 68 கிலோ. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சாப்பிடுகிறேன். நேற்று என் தங்கை மகள், முதுமையைத் தள்ளிப்போடும் ஐந்து நாள் உணவுத் திட்டம் என்று ஒரு பெட்டியைக் கொடுத்து 4,200 ராண்ட் வாங்கிக்கொண்டாள். மாதம் ஒருமுறை வீதம் மூன்று மாதம் செய்தால் உடம்புக்கு இரண்டரை வயது குறையுமாம். புரட்டாசி விரதம் இருந்து பழகியவள்தான் நான். செய்யலாமா? – வாசகி, சாட்ஸ்வர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: பெட்டியைப் பிரிக்காதீர்கள், அம்மா. ஏனென்று கடைசியில் சொல்கிறேன். உங்கள் பணம் அதில்தான் இருக்கிறது.

உங்கள் தங்கை மகள் சொன்னது முழுப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வால்ட்டர் லோங்கோ வகுத்த திட்டம் அது. முதல் நாள் சுமார் 1,100 கலோரி, அடுத்த நான்கு நாளும் 700-க்குச் சற்று மேல். சூப்புத் தூள், நாலைந்து ஆலிவ் காய், பருப்புக் கட்டி, மூலிகைத் தேநீர் என்று சின்னச் சின்னப் பொட்டலங்கள். பட்டினி கிடப்பதாக உடம்பை நம்பவைப்பதுதான் உத்தி. மூன்று சுற்று செய்தவர்களுக்கு எடையும் இடுப்புச் சுற்றளவும் இரத்த அழுத்தமும் சற்றுக் குறைந்தன. அந்த இரண்டரை வயதும் 2024-இல் வந்த ஓர் ஆய்வில் இருக்கிறது. ஆனால் அது இரத்தப் பரிசோதனை எண்களைக் கணக்கில் போட்டு எடுத்த 'வயது'. முகச் சுருக்கத்தை யாரும் எண்ணவில்லை. மூன்று மாதத்தில் ஆயுளை அளக்கவும் முடியாது. பெட்டியை விற்கும் நிறுவனத்தில் பேராசிரியருக்குப் பங்கு உண்டு என்பது ஆய்வுத்தாளிலேயே அச்சாகியிருக்கிறது. விற்பவர்கள் அந்த வரியை மட்டும் வாசித்துக் காட்டுவதில்லை.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் நான் இவ்வளவு பதற மாட்டேன். நெதர்லாந்தில் சர்க்கரை நோயாளிகளை வைத்தே இந்தத் திட்டத்தை ஓர் ஆண்டு சோதித்தார்கள், பலன் இருந்தது. அதில் யாரைச் சேர்த்தார்கள் என்று பாருங்கள்: சர்க்கரைக்கு மாத்திரையே எடுக்காதவர்கள், அல்லது மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்கள். உங்கள் இரண்டாவது மாத்திரை எடுப்பவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

காரணம் எளிது. கிளிமெபிரைடு கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது கேட்பதில்லை. தட்டில் 700 கலோரி இருந்தாலும் 1,800 இருந்தாலும் அது தன் வேலையைச் செய்யும். சர்க்கரை சரசரவென்று இறங்கும். அதே வகை மாத்திரைகளான கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு எடுப்பவர்களுக்கும், இன்சுலின் போடுபவர்களுக்கும் இதே கதைதான். என்னிடம் வந்த ஓர் அம்மா, இதே போன்ற பெட்டியின் மூன்றாம் நாள் காலையில், கெட்டிலைக் கையில் பிடித்தபடி அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சமையலறையில் நின்றிருக்கிறார். பேச்சு குழறியது. குடித்துவிட்டாரோ என்று மகனே சந்தேகப்பட்டானாம். மீட்டரில் 2.4 (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்). நான்குக்குக் கீழே போனாலே ஆபத்து.

அப்படி இறங்கினால் அரை டம்ளர் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடத்தில் மறுபடி குத்திப் பாருங்கள். குளிர்பானத்தை நம்பாதீர்கள், 2018-இல் சர்க்கரை வரி வந்தபின் பலவற்றில் இனிப்பைக் குறைத்துவிட்டார்கள்.

புரட்டாசியை இதனோடு சேர்க்காதீர்கள். அந்த மாதம் நீங்கள் கறியையும் மீனையும்தான் விடுகிறீர்கள். சோறும் பருப்பும் பீன்ஸ் கறியும் வயிறு நிறையவே கிடைக்கின்றன. உண்மையில் உங்கள் வயதில் கவலைப்பட வேண்டியது தசையைப் பற்றி. அறுபதுக்கு மேல் அது தானாகவே கரைகிறது. சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் புரதமாவது நாள்தோறும் வேண்டும். உங்களுக்கு 68 கிராம். ஒரு கோப்பை வெந்த சுகர் பீன்ஸில் (காய்ந்த பீன்ஸ் விதை) ஏறக்குறைய 15, ஒரு முட்டையில் 6. கணக்குப் போட்டுப் பாருங்கள், இப்போதே எட்டுகிறதா என்று.

மாத்திரையைக் குறைத்துக்கொண்டு செய்யலாமே என்று கேட்பீர்கள். மருத்துவர் குறைத்தால் செய்யலாம். அந்த மருத்துவரைப் பார்ப்பதுதான் இந்த நாட்டில் பெரும்பாடு. அரசு கிளினிக் என்றால் விடியுமுன் வரிசையில் நிற்க வேண்டும். மெடிக்கல் எய்டு (தனியார் மருத்துவக் காப்பீடு) என்றால் ஆண்டு முடியும் முன்பே அன்றாடச் செலவுக்கான தொகை தீர்ந்துபோகிறது. காலை வெட்டி எடுக்கப் பணம் கட்டுவார்கள். அந்தக் காலைக் காப்பாற்ற டயட்டீஷியனிடம் அரை மணி நேரம் கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். இந்த இடைவெளியில்தான் பெட்டிக்காரர்கள் நுழைகிறார்கள்.

அவர்களில் பலர் தங்களை 'வெல்னஸ் கோச்' என்கிறார்கள். அந்தப் பட்டத்தை யார் வேண்டுமானாலும் சூட்டிக்கொள்ளலாம். டயட்டீஷியன் என்றால் சுகாதாரத் தொழிலர் மன்றத்தில் பதிந்திருக்க வேண்டும். பதிவு எண் 'டிடி' (DT) என்ற எழுத்துகளில் தொடங்கும். கேளுங்கள், தயங்காதீர்கள். பெட்டியோடு 'இலவசமாக' ஒரு புட்டி மாத்திரை வந்திருந்தால் அதன் அடியில் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். மருந்து ஒழுங்குமுறை ஆணையம் இதன் தரத்தையோ பாதுகாப்பையோ பயனையோ மதிப்பிடவில்லை என்று பொடி எழுத்தில் இருக்கும். அந்த வாசகத்தை அச்சிட வைத்ததோடு கடமை முடிந்தது என்று ஆணையம் நினைக்கிறது போலும்.

இனிப் பணம். நீங்கள் கடைக்குப் போய் வாங்கவில்லை. விற்பவர் உங்களைத் தேடி வந்திருக்கிறார். 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது நேரடி விற்பனை. ஐந்து வேலை நாளுக்குள், காரணம் சொல்லாமல், திருப்பிக் கொடுக்கலாம். நேற்று செவ்வாய் என்றால் அடுத்த செவ்வாய் கடைசி நாள். நடுவில் பொது விடுமுறை வந்தால் ஒரு நாள் தள்ளும். 'வேண்டாம்' என்பதைத் தேதியிட்டு எழுத்தில் அனுப்புங்கள். பெட்டியைத் திருப்பிக் கொடுத்த பதினைந்து வேலை நாளுக்குள் பணம் வர வேண்டும். பிரித்துவிட்டால் பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வார்கள். அதனால்தான் முதல் வரியிலேயே சொன்னேன். நாள் கடந்துவிடக் கூடாது என்று இந்தப் பதிலை உங்களுக்கு முன்கூட்டியே அனுப்பியிருக்கிறேன். தங்கை மகள் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். தீபாவளிக்குள் சரியாகிவிடும்.